கணினிக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள்



"தமிழ் எடுத்தா அப்புறம் என்ன வேலைக்குப் போறது?" தமிழ்மொழிப் பாடத்தைத் தேர்வுக்கு எடுப்பதா விடுவதா என்று தயங்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. ஆசிரியர், வானொலி அறிவிப்பாளர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர் என்று நாமும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுகிறோம். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "கணினியே கட்டுரை எழுதித் தருதே, நான் எதுக்கு இலக்கணம் படிக்கணும்?" இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்க்க ஏற்ற ஓர் ஆய்வுத்துறை இருக்கிறது. அதன் பெயர் இயற்கைமொழி ஆக்கம். தரவைக் கொடுத்தால் கணினி தானே வாக்கியம் அமைப்பது, அதுதான் இதன் வேலை.

எளிய எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். கனடாவின் வானிலைத் துறை 1990-களின் தொடக்கத்திலேயே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தியது. காற்றின் வேகம், திசை, வெப்பம் என்ற எண்களை உள்ளே கொடுத்தால், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வானிலை அறிக்கையை அது எழுதிக் கொடுத்துவிடும். அடிப்படையில் இது 'கோடிட்ட இடத்தை நிரப்புக' போன்ற வேலைதான். இதையே தமிழில், நம் பேராக் மாநிலத்துக்குச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாக்கியம் ஒன்றே ஒன்று: "இன்று ______இல் மழை பெய்யும்." ஊர்ப் பெயரைப் போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். போட்டுப் பாருங்க.

ஈப்போ என்றால் ஈப்போவில். வகர உடம்படுமெய் வருகிறது. கிந்தா வேலி என்றால் வேலியில், இங்கே யகரம். கம்பார், தஞ்சோங் ரம்புத்தான் இரண்டும் தொல்லை தராதவை: கம்பாரில், தஞ்சோங் ரம்புத்தானில். சுங்கை சிப்புட் என்றால் டகரம் இரட்டித்துச் சிப்புட்டில் ஆகிறது. தைப்பிங், கோப்பெங் என்றால் இல்லாத ஒரு ககரம் வந்து ஒட்டிக்கொண்டு தைப்பிங்கில், கோப்பெங்கில் ஆகிறது. ஙகர மெய்யில் முடியும் ஊர்ப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை நன்னூலாருக்கு இருந்ததில்லை. தஞ்சோங் மாலிமுக்கு வாங்க. 'பள்ளிக்கூடம்' என்ற சொல் 'பள்ளிக்கூடத்தில்' ஆவதைப் பார்த்து, மகர ஈறு வந்தால் அத்துச் சாரியை போடு என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், 'தஞ்சோங் மாலித்தில்' என்று எழுதி நம் மானத்தை வாங்கிவிடும். சரி, 'அம்' என்று முடிந்தால் மட்டும் சாரியை போடு என்று விதியைத் திருத்துவோம். உடனே ஷா ஆலம் வந்து நிற்கும். 'ஷா ஆலத்தில்' என்று யாரும் சொல்வதில்லை; போதாக்குறைக்கு ஆலம் என்றால் தமிழில் நஞ்சு!

ஒரு கோடிட்ட இடத்துக்கே இவ்வளவு. வினைமுற்று, திணை, பால், மரியாதைப் பன்மை எல்லாம் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தலைமையாசிரியர் வந்தார், மாணவன் வந்தான், பேருந்து வந்தது. நாம் யோசிக்காமலே சொல்லிவிடும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்பது, அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதுதான் தெரியும்.

தரவு குறைந்த மொழி என்றால்

ஆய்வாளர்கள் தமிழை வளம் குறைந்த மொழிகளின் பக்கம் வைத்துப் பேசும்போது நம்மில் பலருக்குக் கோபம் வரும். சங்க இலக்கியம் உள்ள மொழியா வளம் குறைந்தது? அவர்கள் பேசுவது இலக்கிய வளத்தை அல்ல. கணினி படிக்கக்கூடிய வடிவில், இலக்கணக் குறிப்புகளோடு, திறந்த உரிமத்தில் எவ்வளவு தரவு கிடக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலக மொழிகளை 0 முதல் 5 வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்தது. ஆங்கிலம் 5-இல், இந்தி 4-இல், தமிழ் 3-இல் இருக்கின்றன. விக்கிப்பீடியாவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சுமார் 70 லட்சம் கட்டுரைகள். தமிழில் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம்.

எழுத்தைச் சேமிக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அவை ஒவ்வொன்றும் இணையத்தில் பரவலாகப் பயன்படும் முறையில் 3 பைட் பிடிக்கும். ஆக 15 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்தான். பெரிய மொழி மாதிரிகள் சொல்லைத் துண்டு துண்டாக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த துண்டாக்கிகள் தமிழ்ச் சொல்லை நொறுக்கிப் போட்டுவிடும். அரிசியை நொய்யாக்கிவிட்டுச் சோறு வடிக்கச் சொல்வது மாதிரி.

இப்படிப்பட்ட மொழியில் ஆக்க ஆய்வு செய்பவரின் வாழ்க்கை எப்படிப் போகும்? இதற்குச் சென்னையில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

மெட்டுக்குப் பாட்டு

அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் இருக்கிறது. (அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. வேறு, மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கே கணினி மொழியியல் ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்டவர் சோபா லலிதா தேவி. இவருடைய ஆய்வு தமிழில் தொடங்கவில்லை. 1999-இல் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, மலையாளத்திலும் இந்தியிலும் சுட்டுப்பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பதைக் கணினி கண்டுபிடிப்பது பற்றியது. "கமலா மாலாவைப் பார்த்தாள். அவள் சிரித்தாள்." சிரித்தது யார்? நாம் சூழலை வைத்து ஊகிக்கிறோம். கணினிக்கு அதற்கு வழிமுறை வேண்டும். இது மொழியைப் புரிந்துகொள்ளும் பக்கத்து வேலை. பிறகுதான் மொழியை ஆக்கும் பக்கத்திலும் அவருடைய பெயரைப் பார்க்கிறோம்.

2009-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில், கணினியும் மொழிப் படைப்பாற்றலும் பற்றிய ஒரு பயிலரங்கு நடந்தது. அங்கே அனந்த் ராமகிருஷ்ணன், சங்கர் குப்பன், சோபா லலிதா தேவி மூவரும் ஒரு கட்டுரை அளித்தார்கள். கொடுக்கப்பட்ட மெட்டுக்குத் தமிழில் பாடல் வரி எழுதும் கணினி என்பது அதன் பொருள். திரைப்படப் பாடலாசிரியர் என்ன செய்கிறாரோ அதையேதான் கணினியைச் செய்யச் சொன்னார்கள். இசையமைப்பாளர் 'தன்னானே தானே' என்று தத்தகாரம் போடுவார். அந்த அளவுக்குச் சொல் உட்கார வேண்டும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மெட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன அசை வர வேண்டும் என்று குறிக்க அவர்களுக்கு ஒரு முறை தேவைப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது குறில், நெடில், மெய். ஆமாம், தொடக்கப்பள்ளியில் நாம் சொல்லிக்கொடுக்கும் அதே குறில், நெடில், மெய்தான். 'வானம்' என்றால் நெடில், குறில், மெய். 'ஆசிரியர்' என்றால் நெடில், குறில், குறில், குறில், மெய். மெட்டைக் கேட்டு இந்த வரிசையை ஊகிக்க ஒரு புள்ளியியல் கருவிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக்கு எத்தனை மெட்டுகள் தெரியுமா? பத்தே பத்து. வளம் குறைந்த மொழியில் ஆய்வு என்றால் என்ன என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

வரிசை கிடைத்ததும் சொற்களைக் கோக்க வேண்டும். நெடில், குறில், மெய் என்ற அளவுக்கு வானம், மேகம், பாடம், கோலம், பாலம் எல்லாமே பொருந்தும். எதை எடுப்பது? இதற்கு அவர்கள் டைக்ஸ்ட்ரா வழிமுறையைப் பயன்படுத்தினார்கள். நெதர்லாந்து அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட, இரண்டு இடங்களுக்கிடையே குறுக்கு வழி காணும் முறை அது. ஈப்போவிலிருந்து பினாங்குக்கு எந்தச் சாலை குறைவு என்று கைப்பேசி வரைபடம் பார்ப்பதும் இந்தக் குடும்பத்து வேலைதான். இங்கே ஊர்களுக்குப் பதில் சொற்கள். எழுத்தில் அடிக்கடி அடுத்தடுத்து வரும் சொற்களுக்கிடையே தூரம் குறைவு, சேர்ந்தே வராத சொற்களுக்கிடையே தூரம் அதிகம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், மிகக் குறைந்த தூரத்தில் போகும் பாதைதான் பாடல் வரி.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டிரண்டு சொல்லாகப் பார்த்துக் கோத்தால் வரி முழுவதற்கும் ஒரு பொருள் வந்துவிடுமா? அடுத்தடுத்த சொற்கள் பொருந்தும், வாக்கியம் எங்கோ போய் முட்டும். நம் மாணவர்களில் சிலர் மனப்பாடம் செய்த அழகிய தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டுரை எழுதுவார்களே, அந்த நோய்தான். 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அடுத்த பயிலரங்கில் அனந்த் ராமகிருஷ்ணனும் சோபா லலிதா தேவியும் முந்தைய முறையின் குறைகளைத் தாங்களே எடுத்துச் சொல்லி, வேறு வழியை முன்வைத்தார்கள். எந்தப் பொருளுக்கு எதனோடு உறவு என்று சொல்லும் ஓர் அறிவு வலையும், பகுதியைக் கொடுத்தால் வேற்றுமை, காலம், பால் எல்லாம் சேர்த்து முழுச் சொல்லாக்கித் தரும் ஓர் உருபன் ஆக்கியும் அதில் சேர்ந்தன. தரவு போதாத இடத்தை இலக்கணத்தைக் கொண்டு நிரப்பினார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்த ஆய்வு வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஓராண்டுக்கு முன் தாங்கள் எழுதியதன் குறையை அச்சில் எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

பகுபத உறுப்பிலக்கணம் யாழ்ப்பாணத்தில்

உருபன் ஆக்கி என்றேன். அதை இன்னும் தெளிவாகப் பார்க்க யாழ்ப்பாணம் போவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் ஆசிரியர் கெ. சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸ், ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோருடன் சேர்ந்து 'தமிழிமார்ஃப்' என்ற கருவியை உருவாக்கினார். 2021-இல் அது பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இதைத் தங்கள் பாடநூலோடு வைத்துப் பார்க்கலாம். நடந்தான் = நட + த்(ந்) + த் + ஆன். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று பிரித்து எழுதிப் புள்ளி வாங்குகிறீர்கள். இந்தக் கருவியும் சொல்லைப் பிரித்து, அது எந்த வினை, எந்தக் காலம், எந்தப் பால் என்று சொல்கிறது. வடிவத்தில் ஒரு பாதை வரைபடம் போன்றது அது. பாதையின் ஒரு முனையில் 'நட, இறந்தகாலம், ஆண்பால், ஒருமை' என்ற குறிப்பு. மறுமுனையில் 'நடந்தான்' என்ற சொல். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தால் சொல் ஆக்கம். அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தால் சொல் பகுப்பு. பாதை ஒன்றுதான், இரு திசையிலும் போகலாம். ஒரு முறை ஒழுங்காக வரைந்துவிட்டால், எந்தத் தரவிலும் ஒரு தடவைகூட வராத வினைமுற்றையும் பிழையில்லாமல் ஆக்கிவிடும். தமிழில் ஒரே வினைக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருப்பதால், எந்தப் பெரிய தரவுத் தொகுப்பிலும் அவை அத்தனையும் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்தப் பாதையை வரைய யார் வேண்டும்? நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும், அதோடு 'நட' ஏன் 'நடந்தான்' ஆகிறது, 'படி' ஏன் 'படித்தான்' ஆகிறது என்று வகைப்படுத்தத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவருக்கு இந்தத் துறையில் நிச்சயம் இடம் உண்டு.

இப்போதைய நிலை

பெரிய மாதிரிகள் வந்த பிறகு விதி எழுதும் வேலை குறைந்துவிட்டது உண்மைதான். ஐ.ஐ.டி. சென்னையோடு இணைந்த ஏஐ4பாரத் குழுவினர் 2022-இல் 11 இந்திய மொழிகளுக்கான ஆக்கத் தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 80 லட்சம் எடுத்துக்காட்டுகள். செய்திக்குத் தலைப்பிடுவது, வாக்கியத்தைச் சுருக்குவது, பொருள் மாறாமல் வேறு சொற்களில் எழுதுவது, பத்தியிலிருந்து வினா அமைப்பது, விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டியைக் கொண்டு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது என ஐந்து பணிகள். தேர்வுத்தாள் போலவே இருக்கிறது, இல்லையா?

அதே குழுவினரின் 'இண்டிக்பார்ட்' மாதிரியில் எல்லா மொழிகளையும் தேவநாகரி எழுத்துக்கு மாற்றிப் பயிற்றுவித்தார்கள். பொதுச் சொற்கள் ஒன்றுபோல் தெரிந்தால், தரவு மிகுந்த மொழியின் பயன் தரவு குறைந்த மொழிக்கும் போய்ச் சேரும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் 'கங்கை' என்று நாம் எழுதுவதும் இந்தியில் எழுதுவதும் மாற்றிய பிறகும் ஒன்றாகாது. நம் ககரம் ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்கிறது. அந்தப் பயன் தமிழுக்கு மற்ற மொழிகள் அளவுக்குக் கிடைக்காது என்று இலக்கண ஆசிரியர் எவரும் சொல்லிவிடுவார்.

அப்படியானால் ஆய்வாளருக்கு மிச்சம் என்ன வேலை? கணினி எழுதியது சரியா என்று பார்ப்பது. இது சிறிய வேலை என்று நினைக்காதீர்கள். 2002-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கொண்டுவந்த 'புளூ' என்ற அளவுகோல், கணினியின் வாக்கியத்தையும் மாதிரி விடையையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும். மாதிரி விடை "நான் பள்ளிக்குச் சென்றேன்." கணினி எழுதியது "நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்." ஒத்துவரும் சொல் 'நான்' ஒன்றுதான். இப்படித் திருத்தினால் எந்தப் பெற்றோராவது நம்மைச் சும்மா விடுவார்களா? ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு எழுத்துக் கோவைகளை ஒப்பிடும் அளவைகள் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கடைசியில் ஆள் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த ஆள் எந்த ஊர்த் தமிழ் தெரிந்தவர் என்பதும் முக்கியம். 'நிரை' என்றால் யாப்பில் ஓர் அசை. நம் தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், நிரை என்றால் ரப்பர் மர வரிசை, "என் நிரையை யாரு வெட்டினா?" என்பார்கள். வெட்டுவது என்றால் இங்கே மரத்தைச் சாய்ப்பது அல்ல, பால் எடுப்பது. மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, லயம் எல்லாம் அப்படித்தான். தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் இங்கே மனநல மருத்துவமனை தொடங்கியதிலிருந்து, "அவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது நாடு முழுக்கப் புழங்கும் பேச்சு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன, கொஞ்சம் வலிக்கவும் செய்கிற கேலி. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களை மட்டும் படித்து வளர்ந்த மாதிரி இதைப் பயண ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டு பேருந்து நேரம் சொல்லும். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிபட்டு, பேசிய தலைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது. எழுதி வைக்காத தமிழை எந்தக் கணினியும் ஆக்கித் தராது.

இத்துறைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்குச் சில செய்திகள். தமிழ்மொழியை எஸ்.பி.எம். வரை விடாதீர்கள், முடிந்தால் தமிழ் இலக்கியமும் எடுங்கள். கூடவே கணிதமும் கணினி அறிவியலும் வேண்டும். நிகழ்தகவு பாடத்தைத் 'தேர்வுக்கு வராது' என்று தள்ளிவிடாதீர்கள், இங்கே அதுதான் முதுகெலும்பு. மொழி வழியாக வர விரும்புவோருக்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி வழியாக வருபவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடங்கலாம். இளங்கலைக்குப் பின் முதுகலை, முனைவர் பட்டம் என்று ஆண்டுகள் பிடிக்கும் பாதைதான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி தரவு திரட்டுவதிலும் திருத்துவதிலுமே போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரிலும் 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடந்தது. அதன் கட்டுரைகளும், மேலே சொன்ன 2009, 2010 கட்டுரைகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணிதப் பகுதியைத் தாண்டிவிட்டுப் படித்தாலும் பாதி புரியும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். முதல் குழு, பேராக் ஊர்ப் பெயர்கள் இருபதை எழுதி, எல்லாவற்றுக்கும் 'இல்' உருபைச் சேர்க்கத் தேவையான விதிகளை எழுதட்டும். விதிகள் ஏழைத் தாண்டக் கூடாது. இரண்டாம் குழுவின் வேலை அந்த விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது, கணினி மாதிரி. பேராக், பேரா என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோம் என்பதையும், தெலுக் இந்தான், பாகான் செராய், தாப்பா ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.